சிக்னல் மீட்டரைப் படிப்பது எப்படி: டிஷ்ஷும் ஆன்டெனாவும் அமைப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

எந்த செட்-டாப் பாக்ஸின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தாலும் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று ஸ்ட்ரென்த், இன்னொன்று குவாலிட்டி. சில நேரம் முதல் பட்டை 80 என்று காட்டும், இரண்டாவது 0-வில் கிடக்கும், திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். சிக்னல்தான் 80 இருக்கிறதே, அப்புறம் ஏன் படம் வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால், கையடக்க சிக்னல் மீட்டரைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஸ்ட்ரென்த் என்பது கேபிள் வழியாக வந்து சேரும் மொத்த ஆற்றலின் அளவு. அதில் நமக்கு வேண்டிய சேனல் இருக்கலாம். பக்கத்து செயற்கைக்கோளின் சிக்னல் இருக்கலாம். எல்.என்.பி தானே உண்டாக்கும் இரைச்சலும் இருக்கும். டிஷ்ஷின் நடுக்கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும் எல்.என்.பி, வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை 50, 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கித் தருகிறது. டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வெறும் இரைச்சலைப் பெருக்கும். அதனால்தான் எந்தச் செயற்கைக்கோளும் சிக்காத நிலையிலும் ஸ்ட்ரென்த் பட்டை ஏறி நிற்கிறது. எல்.என்.பி-க்கு மின்சாரம் போகிறது, கேபிள் அறுந்து போகவில்லை என்பதற்கு மேல் அந்த 80 எதையும் சொல்லவில்லை.

குவாலிட்டி வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. வந்த ஆற்றலில் இருந்து நாம் கேட்ட சேனலின் தகவலை எவ்வளவு சுத்தமாகப் பிரித்தெடுக்க முடிகிறது என்பதே அது. டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் வருமா வராதா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டாவது எண்தான். ஸ்ட்ரென்த் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் போதும். அதற்கு மேல் அதை ஏற்றிக்கொண்டே போவதால் ஒரு பயனும் இல்லை.

பாக்ஸில் உள்ள பட்டைகளுக்கும் மீட்டருக்கும் என்ன வித்தியாசம்? பட்டைகளுக்கு அலகு கிடையாது. ஒரு கம்பெனியின் 70-ம் இன்னொரு கம்பெனியின் 70-ம் ஒன்றல்ல. மீட்டர் அலகோடு சொல்கிறது. அதனால் இன்று எடுத்த அளவை அடுத்த வருடம் எடுக்கும் அளவோடு ஒப்பிடலாம், மொட்டைமாடியில் எடுத்ததை டிவி பக்கத்தில் எடுத்ததோடு ஒப்பிடலாம். மீட்டரின் உண்மையான பலன் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று இறங்கி வந்துவிட்டால் மீட்டரில் கால்வாசியைத்தான் பயன்படுத்தியிருக்கிறோம்.

8 மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும்

டிவி செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வளையத்தில் நிற்கின்றன. பூமி சுற்றும் அதே வேகத்தில் அவையும் சுற்றுவதால் நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. அந்த வளையத்தில் இடம் குறைவு. பக்கத்துப் பக்கத்துச் செயற்கைக்கோள்களுக்கு நடுவே பல இடங்களில் 2 அல்லது 3 டிகிரி இடைவெளிதான்.

டிஷ் பார்க்கும் கோணமும் அதே அளவுக்குக் குறுகியது. கே.யூ பேண்டில், அதாவது 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை சுமார் 3 டிகிரி அகலம். 90 சென்டிமீட்டர் டிஷ் என்றால் சுமார் 2 டிகிரி. பெரிய டிஷ் அதிக ஆற்றலைப் பிடிக்கும், ஆனால் அதற்கேற்பத் துல்லியமும் கேட்கும். 90 சென்டிமீட்டர் டிஷ் சரியான திசையிலிருந்து 1 டிகிரி விலகினாலே வரும் ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடும். 1 டிகிரி என்பது டிஷ்ஷின் விளிம்பில் அளந்தால் வெறும் 8 மில்லிமீட்டர்.

இந்த 8 மில்லிமீட்டரைக் கீழே டிவி முன்னால் நிற்பவர் மேலே கத்திச் சொல்வதை வைத்துச் சரிசெய்ய முடியாது. பாக்ஸ் புதிய சிக்னலைப் பிடித்துப் படம் காட்டவே சில விநாடிகள் எடுக்கும். அதற்குள் டிஷ் சரியான இடத்தைக் கடந்து போயிருக்கும். மீட்டர் டிஷ் பக்கத்திலேயே கையில் இருப்பதால், நகர்த்துவதும் விளைவைப் பார்ப்பதும் ஒரே ஆளின் வேலையாகிறது.

டெசிபல் என்ற அளவு

மீட்டரின் திரையில் எல்லாம் டெசிபலில்தான் வரும். கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 3 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 20 குறைந்தால் நூறில் ஒரு பங்கு. இதன் வசதி, பெருக்கல் எல்லாம் கூட்டலாக மாறிவிடுவது. கேபிளில் 9 டெசிபல் போகிறது, ஒரு கேபிளைப் பலதாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் 4 போகிறது என்றால் மொத்தம் 13 போகிறது. அவ்வளவுதான்.

சிக்னலின் அளவை டெசிபல் மைக்ரோவோல்ட் என்ற அலகில் காட்டுவார்கள். 1 மைக்ரோவோல்ட் என்றால் 0, 1 மில்லிவோல்ட் என்றால் 60. செயற்கைக்கோள் சிக்னல் டிவி பக்கத்துச் சுவர் இணைப்பில் 47-க்கும் 77-க்கும் நடுவே இருக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. 55 முதல் 70 வரை இருந்தால் நிம்மதி. சில மீட்டர்கள் டெசிபல் மில்லிவாட்டில் காட்டும். அப்போது எண் மைனஸில் இருக்கும். டிவி கேபிள்கள் 75 ஓம் என்பதால் அந்த எண்ணோடு 109-ஐக் கூட்டினால் டெசிபல் மைக்ரோவோல்ட் கிடைத்துவிடும். மைனஸ் 50 என்றால் 59. பெரும்பாலான மீட்டர்களில் அமைப்புகளுக்குள் போய் அலகை மாற்றிக்கொள்ளலாம். ஒரே அலகில் பழகுவது நல்லது, இல்லையென்றால் குறிப்பெழுதும்போது குழம்பிப்போகும்.

இனி குவாலிட்டி. இதற்கு மீட்டரில் எம்.ஈ.ஆர் என்று ஓர் எண் இருக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்வது அவசியம்.

டிஜிட்டல் சிக்னல், தகவலை அலையின் கட்டத்தையும் (ஃபேஸ்) உயரத்தையும் மாற்றி மாற்றி அனுப்புகிறது. ஒவ்வொரு நொடிப்பொழுதும் அலை இருக்க வேண்டிய நிலை ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளி. எளிய முறையான கியூ.பி.எஸ்.கே-யில் இப்படி 4 புள்ளிகள். 8 பி.எஸ்.கே-யில் 8. தரைவழி டிவியில் 64 அல்லது 256 புள்ளிகள்கூட உண்டு. இரைச்சல் கலந்தால், வந்து விழும் புள்ளிகள் தம் இடத்தில் விழாமல் சுற்றிலும் சிதறும். சிதறல் சின்னதாக இருந்தால் எது எந்தப் புள்ளி என்று பெறுகிற கருவிக்குச் சந்தேகமே இல்லை. சிதறல் பெருத்துப் பக்கத்துப் புள்ளியின் எல்லைக்குள் போனால் தவறான பிட் பதிவாகும். இந்தச் சிதறல் எவ்வளவு சிறியது என்பதைத்தான் எம்.ஈ.ஆர் டெசிபலில் சொல்கிறது. எண் பெரிதாக இருந்தால் நல்லது. கொஞ்சம் நல்ல மீட்டர்களில் இந்தப் புள்ளிப் படத்தையே திரையில் பார்க்கலாம். முதல் முறை பார்ப்பவர்கள் அதைக் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். டிஷ்ஷை மெல்ல நகர்த்தும்போது பஞ்சு மாதிரி கலைந்து கிடந்த புள்ளிகள் திரண்டு கூர்மையாவதைப் பார்த்தால், இந்தப் பத்தி முழுவதும் ஒரே கணத்தில் விளங்கிவிடும்.

எவ்வளவு எம்.ஈ.ஆர் போதும்? அது ஒளிபரப்பு முறையைப் பொறுத்தது. செயற்கைக்கோள் டிவிக்கான டி.வி.பி-எஸ்2 முறையில் கியூ.பி.எஸ்.கே 3/4 என்றால் ஏறக்குறைய 4 டெசிபலிலேயே படம் கிடைக்கும். 8 பி.எஸ்.கே 3/4-க்கு ஏறக்குறைய 8 வேண்டும். 8 பி.எஸ்.கே 9/10-க்கு 11. இந்த 3/4, 9/10 என்பது அனுப்பும் பிட்டுகளில் எத்தனை பங்கு உண்மையான தகவல், எத்தனை பங்கு பிழைதிருத்தத்துக்கான கூடுதல் என்று சொல்கிறது. கூடுதல் குறையக் குறைய, சுத்தமான சிக்னல் தேவைப்படும். ஒரே டிஷ்ஷில் சில சேனல்கள் வந்து சில சேனல்கள் வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த எல்லை எண்களுக்குப் பக்கத்தில் நிற்பது ஆபத்து. பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாக மங்கி, எச்சரித்துவிட்டுத்தான் படம் போகும். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. எல்லைக்கு அரை டெசிபல் மேலே இருந்தாலும் படம் பளிச்சென்றுதான் இருக்கும். அரை டெசிபல் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். 8 தேவைப்படும் சேனலில் 9 வைத்துக்கொண்டு 'படம் அருமையாக இருக்கிறது' என்று வேலையை முடித்தால், முதல் மழையில் படம் போய்விடும். வானம் தெளிவாக இருக்கும்போது எல்லைக்கு மேல் குறைந்தது 3, 4 டெசிபலாவது கையிருப்பு வேண்டும். மழை அதிகம் பெய்யும் இடங்களில் இன்னும் கூடுதலாக. டிஷ்ஷின் அளவை முடிவு செய்வதே இந்தக் கையிருப்புதான்.

எம்.ஈ.ஆர் பக்கத்தில் பி.ஈ.ஆர் என்று இன்னோர் எண்ணும் வரும். அது பிட் பிழைகளின் விகிதம், சின்னதாக இருந்தால் நல்லது. பழைய டி.வி.பி-எஸ் முறையில் முதல் கட்டத் திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் பிட்டில் 2 பிழை என்பது எல்லை. அதற்குள் இருந்தால் மிச்சத்தை அடுத்த கட்டத் திருத்தம் பார்த்துக்கொள்ளும். தொடங்குபவர்கள் எம்.ஈ.ஆரில் கண் வைத்தால் போதும்.

எந்த மீட்டர் எதற்கு

மிக எளியது, ஊசி அசைந்து பீப் ஒலி எழுப்பும் சின்ன ஃபைண்டர். டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் நடுவே கேபிளில் இணைப்பார்கள். மின்சாரம் பாக்ஸிலிருந்தே வரும். இது மொத்த ஆற்றலை மட்டும்தான் அளக்கிறது, அதாவது ஸ்ட்ரென்த் மட்டும். எந்தச் செயற்கைக்கோள் என்று இதற்குத் தெரியாது. வலுவான செயற்கைக்கோள் எதிர்ப்பட்டால் அதற்குத்தான் சத்தமாகக் கத்தும், நமக்கு வேண்டியது பக்கத்தில் இருந்தாலும் சரி. ஏற்கெனவே சரியான செயற்கைக்கோளில் இருக்கும் டிஷ்ஷைக் கொஞ்சம் சரிசெய்ய மட்டும் இது உதவும்.

அடுத்தது, சொந்த பேட்டரியும் திரையும் உள்ள டிஜிட்டல் மீட்டர். நாம் கொடுக்கும் அலைவரிசையைப் பிடித்து, எம்.ஈ.ஆர் காட்டி, சிக்னலுக்குள் இருக்கும் நெட்வொர்க் பெயரையும் சேனல் பட்டியலையும் படித்துச் சொல்லும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் 'இதுதான் அந்தச் செயற்கைக்கோள்' என்று தெரியும். வீட்டு அளவு வேலைகளுக்கு இது போதும். அதற்கும் மேலே ஸ்பெக்ட்ரம் காட்டும் கருவிகள். முழு அலைவரிசையையும் மேடு பள்ளமாக ஒரே பார்வையில் காட்டும். பல வீடுகளுக்குப் பகிரும் பெரிய அமைப்புகளில் வேலை செய்பவர்களுக்கு அவை வேண்டும்.

டிஷ்ஷில் வேலையைத் தொடங்குதல்

மீட்டரை எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. டிஷ் நிற்கும் குழாய் நேர்குத்தாக இருக்கிறதா என்று மட்டக்கோலால் பார்ப்பது. குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் அச்சிட்டிருக்கும் உயரக் கோண அளவுகோல் பொய் சொல்லும். பக்கவாட்டில் திருப்பும்போது உயரமும் சேர்ந்து மாறும். இதை விட்டுவிட்டு மீட்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

பிறகு மூன்று கோணங்கள்: எந்தத் திசை, எவ்வளவு உயரம், எல்.என்.பி-யை எவ்வளவு திருக வேண்டும். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் இவற்றைக் கணக்கிட்டுத் தரும் செயலிகள் இருக்கின்றன, பல மீட்டர்களுக்குள்ளேயே அந்த வசதி உண்டு. திசைகாட்டியை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, முள் விலகிவிடும். நாலடி தள்ளி நின்று பார்த்து, தொலைவில் ஒரு கட்டடத்தையோ மரத்தையோ அடையாளமாக வைத்துக்கொள்வது சரியான வழி. இன்னொன்று, வீடுகளில் வைக்கும் டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. பார்வைக்கு நேராக நிற்பதுபோல் தோன்றினாலும் அவை 20 டிகிரிக்கு மேல் உயரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்து உயரத்தை முடிவு செய்யாமல் அளவுகோலை நம்ப வேண்டும்.

மீட்டரில் கொடுக்க வேண்டிய விவரங்கள்: ட்ரான்ஸ்பாண்டரின் (செயற்கைக்கோளில் ஒரு தொகுதிச் சேனல்களை அனுப்பும் பகுதி) அலைவரிசை, துருவப்பாடு (அலை அதிரும் திசை), சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை புள்ளிகள் வருகின்றன என்பது), எல்.என்.பி-யின் எல்.ஓ. இந்த எல்.ஓ பலரையும் தடுமாற வைப்பது. வானத்திலிருந்து வரும் 12 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைச் சாதாரண கேபிளில் அனுப்பினால் சில மீட்டரிலேயே கரைந்துவிடும். எனவே எல்.என்.பி அதை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்கு இறக்கி அனுப்புகிறது. எவ்வளவு கழித்து இறக்குகிறது என்பதே எல்.ஓ. யுனிவர்சல் எல்.என்.பி-யில் கே.யூ பேண்டின் கீழ்ப் பகுதிக்கு 9,750 மெகாஹெர்ட்ஸ், மேல் பகுதிக்கு 10,600. அப்படியானால் 11,500-இல் உள்ள ட்ரான்ஸ்பாண்டர் கேபிளுக்குள் 1,750-இல் பயணம் செய்கிறது. சி பேண்டில், அதாவது 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், எல்.ஓ 5,150, அங்கே கழித்தல் தலைகீழ்: 5,150-இலிருந்து 4,000 போக 1,150. எல்.என்.பி-யின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் எல்.ஓ எழுதியிருக்கும். மீட்டரில் அது தவறாக இருந்தால் டிஷ் மிகச் சரியாக நின்றாலும் மீட்டர் இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருக்கும்.

எல்.என்.பி-க்கான மின்சாரத்தையும் மீட்டரே கேபிள் வழியாக அனுப்பும். 13 வோல்ட் என்றால் செங்குத்துத் துருவப்பாடு, 18 என்றால் கிடைமட்டம். அதோடு 22 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குறி சேர்ந்தால் மேல் பகுதி. மீட்டர் இணைத்திருக்கும்போது அதே கேபிளில் பாக்ஸும் மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஃபைண்டர் வகையைத் தவிர்த்த மற்ற எல்லாவற்றுக்கும் பாக்ஸைக் கழற்றிவிட்டே மீட்டரை இணைக்க வேண்டும்.

சரி, இப்போது தேடல். உயரக் கோணத்தைக் கணக்கிட்ட எண்ணில் வைத்து அளவாக இறுக்கி, பக்கவாட்டில் மட்டும் மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு டிகிரிக்கும் குறைவாக நகர்த்தி, ஒரு விநாடி நிறுத்தி, திரையைப் பார்த்து, மறுபடி நகர்த்தி. எதுவும் சிக்கவில்லையென்றால் உயரத்தை 1 டிகிரி மாற்றி மறுபடி பக்கவாட்டில் ஒரு சுற்று. டிஷ்ஷுக்கு முன்னால் நிற்கவோ கையை நீட்டவோ கூடாது, நம் உடம்பே சிக்னலை மறைக்கும்.

'லாக்' என்று வந்ததும் உடனே இறுக்கிவிட வேண்டாம். நெட்வொர்க் பெயர் சரியா என்று பாருங்கள். பிறகு எம்.ஈ.ஆரை மட்டும் பார்த்து உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உச்சத்துக்குப் பக்கத்தில் எண் அதிகம் மாறாது, எது சரியான நடு என்று சொல்வது கடினம். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. இடது பக்கம் திருப்பி எம்.ஈ.ஆர் சரியாக 2 டெசிபல் குறையும் இடத்தைக் குழாயில் பென்சிலால் குறிக்கவும். வலது பக்கமும் அப்படியே. இரண்டு குறிகளுக்கும் நடுவே நிறுத்தினால் அதுதான் உச்சம். உயரத்துக்கும் இதையே செய்யலாம்.

கடைசியில் எல்.என்.பி-யைத் திருகுவது. நேர்கோட்டுத் துருவப்பாட்டில் ஒளிபரப்பும் செயற்கைக்கோள்களில் ஒரே அலைவரிசையைச் செங்குத்திலும் கிடைமட்டத்திலும் இரண்டு முறை பயன்படுத்துவார்கள். திருகல் சரியில்லையென்றால் ஒன்றின் சிக்னல் மற்றதில் கசியும். ஸ்ட்ரென்த் இதில் பெரிதாக மாறாது, எம்.ஈ.ஆர்தான் காட்டிக்கொடுக்கும். வட்டத் துருவப்பாடு என்றால் இந்த வேலையே இல்லை. முடிந்ததும் இரண்டு துருவப்பாட்டிலும் ஒவ்வொரு ட்ரான்ஸ்பாண்டரைச் சோதிக்க வேண்டும். நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, இறுக்கும்போதும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறுக்கும் விசையிலேயே டிஷ் அரை டிகிரி நகர்ந்துவிடும்.

தரைவழி ஆன்டெனாவுக்கு வேறு கணக்கு

இங்கே சிக்னல் வருவது வானத்திலிருந்து அல்ல, பக்கத்து ஊரில் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து. ஆன்டெனாவின் பார்வைக் கோணம் அகலம் என்பதால் திசையைப் பிடிப்பது எளிது. சிக்கல் எதிரொலிதான். ஒரே சிக்னல் நேராகவும் வரும், கட்டடங்களிலும் மலைகளிலும் பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதமாகவும் வரும். அவை ஒன்றோடொன்று மோதும்போது சில அலைவரிசைகளில் பள்ளம் விழும். அதனால் ஸ்ட்ரென்த் அதிகமாக இருக்கும் இடமும் எம்.ஈ.ஆர் அதிகமாக இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆன்டெனாவை அரை மீட்டர் பக்கவாட்டிலோ மேலேயோ நகர்த்தினாலே நிலைமை மாறும். மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் இரண்டு மூன்று இடங்களில் பார்த்துவிட்டுப் பிறகு குழாயை நடுவது புத்திசாலித்தனம்.

64 புள்ளி முறையில் 2/3 என்றால் எல்லை ஏறக்குறைய 17 டெசிபல். 25-க்கு மேல் கிடைத்தால் கவலையில்லை. அந்தப் பகுதியில் கிடைக்கும் எல்லா அலைவரிசைகளிலும் அளக்க வேண்டும், ஒன்றில் மட்டும் பார்த்து முடிவு செய்தால் பள்ளம் விழுந்த இன்னொன்று தப்பிவிடும்.

பூஸ்டரைப் பற்றி அழுத்தமாகவே சொல்லியாக வேண்டும். பூஸ்டர் சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தேதான் பெருக்கும், தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இரைச்சலும் சேர்க்கும். ஆன்டெனா முனையிலேயே எம்.ஈ.ஆர் மோசமாக இருந்தால் எத்தனை பூஸ்டர் வைத்தாலும் அது நல்லதாகாது. பூஸ்டரின் வேலை, நல்ல சிக்னல் நீண்ட கேபிளில் கரைந்து போகாமல் காப்பது. அதனால் அது ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், மேலே இருக்க வேண்டும். கோபுரம் பக்கத்தில் இருக்கும் வீட்டில் பூஸ்டர் வைத்தால் சிக்னல் அளவு மீறி, டியூனர் திணறி, எம்.ஈ.ஆர் கீழே விழும். அளவு 80 டெசிபல் மைக்ரோவோல்ட்டைத் தாண்டி எம்.ஈ.ஆர் குறைந்தால் பூஸ்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பழுதைத் தேடுவதில் மீட்டர்

ஒரு வீட்டில் டிஷ் முனையில் 75 டெசிபல் மைக்ரோவோல்ட், எம்.ஈ.ஆர் 13 என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஆர்.ஜி-6 கேபிளின் மறுமுனையில் அளக்கிறோம். இந்தக் கேபிளில் 2150 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 30 டெசிபல் போகும், ஆக 30 மீட்டரில் 9. எனவே 66 வர வேண்டும். அங்கே நான்கு வழி ஸ்பிளிட்டர் இருந்தால் இன்னும் 8 போய் 58. எம்.ஈ.ஆர் எல்லா இடத்திலும் 13-ஐ ஒட்டியே இருக்க வேண்டும்.

இப்போது கேபிள் முனையில் 66-க்குப் பதில் 50 வந்தால்? கீழ் அலைவரிசை ஒன்றிலும் மேல் அலைவரிசை ஒன்றிலும் அளந்து பார்க்க வேண்டும். கீழே சரியாக இருந்து மேலே மட்டும் பலமாக விழுந்திருந்தால் பெரும்பாலும் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது கேபிள் எங்கோ கூராக மடிந்து நசுங்கியிருக்கும். கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். அங்கே கனெக்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, நனைந்த கேபிளையே மாற்ற வேண்டும்.

டிஷ் முனையிலேயே அளவு நன்றாக இருந்து எம்.ஈ.ஆர் குறைவு என்றால் திசை, திருகல், எதிரே வளர்ந்துவிட்ட மரக்கிளை, அல்லது எல்.என்.பி. டிஷ் முனையில் 13, டிவி பக்கத்தில் 9, ஆனால் அளவு மட்டும் கணக்குப்படியே இருக்கிறது என்றால் வழியில் எங்கோ வெளிச் சிக்னல் நுழைகிறது. ஒரே ஒரு ட்ரான்ஸ்பாண்டர் மட்டும் அடிக்கடி உடைகிறதா? வீட்டில் உள்ள கம்பியில்லா தொலைபேசியைச் சந்தேகிக்கலாம். டெக்ட் வகைத் தொலைபேசிகள் பல நாடுகளில் 1,880 முதல் 1,900 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அது கேபிளுக்குள் செயற்கைக்கோள் சிக்னல் ஓடும் அதே இடம். காப்புச் சரியில்லாத கேபிளோ தளர்ந்த கனெக்டரோ இருந்தால் உள்ளே வந்துவிடும்.

எல்.என்.பி இழுக்கும் மின்னோட்டத்தையும் பல மீட்டர்கள் காட்டும். இந்த எண்ணைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை, ஆனால் அரை நிமிடத்தில் பதில் சொல்வது இதுதான். ஒற்றை எல்.என்.பி-க்கு 100 மில்லி ஆம்பியரை ஒட்டி இருக்கும். பூஜ்யம் என்றால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது எல்.என்.பி செத்துவிட்டது. 'ஷார்ட்' என்று எச்சரிக்கை வந்தால் கனெக்டருக்குள் வெளிப்பின்னலின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். தரைவழி ஆன்டெனாவில் மட்டும் இந்த எச்சரிக்கை பழுதாக இல்லாமலும் இருக்கலாம். பூஸ்டர் இல்லாத பல ஆன்டெனாக்களின் அமைப்பே நேர்மின்சாரத்துக்கு ஷார்ட் போலத்தான் இருக்கும். அங்கே மீட்டரின் மின்சாரத்தை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். பூஸ்டர் இருந்தால் அது கேட்பது 5 வோல்ட்டா, 12-ஆ, 24-ஆ என்று பார்த்து அதை மட்டும் கொடுக்க வேண்டும்.

அளவெடுத்த நாளின் வானிலையையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும். மழைநாளில் கே.யூ பேண்டின் எம்.ஈ.ஆர் சில டெசிபல் குறைவது இயல்பு, அதைப் பழுது என்று நினைத்து டிஷ்ஷைத் திருப்பினால் சரியாக இருந்ததும் கெடும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிச் சில நாட்கள், குறிப்பிட்ட நேரத்தில் சில நிமிடங்கள் எம்.ஈ.ஆர் சரிந்து தானாகவே மீளும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து தன் இரைச்சலை டிஷ்ஷுக்குள் கொட்டுவதுதான் காரணம். காத்திருந்தால் போதும்.

இடி மின்னல் நேரத்தில் மாடிக்குப் போகவே கூடாது. மின்கம்பிகள் பக்கத்தில் ஓடும் இடத்தில் குழாயை நிமிர்த்தும் வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. மீட்டரைக் கழுத்து வாரில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் ஏணிக்குக் கிடைக்கும்.

கடைசி அளவை எப்போதும் பாக்ஸில் செருகும் அந்தக் குட்டிக் கேபிளின் முனையில் எடுங்கள். சுவர் இணைப்பு வரைக்கும் எல்லாம் சரியாக இருந்து, அடிக்கடி இழுபடும் அந்த ஒன்றரை மீட்டர் துண்டு பழுதாகியிருப்பது மிகச் சாதாரணம். அந்த முனையிலும் அளவும் எம்.ஈ.ஆரும் சரியாக இருந்தும் படம் இல்லையென்றால் மேலே ஏறுவதற்கு இனி வேலை இல்லை. பாக்ஸில் உள்ள எல்.ஓ, டைசெக் (பல எல்.என்.பி-களில் எதை எடுப்பது என்று சொல்லும் கட்டளை) அமைப்புகள், சந்தா, பாக்ஸின் டியூனர் என்று தேடல் வீட்டுக்குள் தொடர வேண்டும்.